ராணிக்கு ராணி

கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ தமிழரும் மலையாளியும் ஒரே சதுரங்கப் பலகைக்கு முன் உட்கார்ந்தால், முதலில் காய்களின் பெயரில்தான் இடறுவார்கள். நம் ராணி அவர்களுக்கு மந்திரி. நம் மந்திரி அவர்களுக்கு ஆனை. மூலையில் நிற்கும் நம் யானை அவர்களுக்குத் தேர். ஆனால் ஒரு பாடத்தை மட்டும் இரு தரப்பும் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி சொல்லித் தருகிறோம்: கையில் காய் கூடுதலாக இருந்தால் ராணிக்கு ராணி வெட்டிவிடு. நானும் அப்படித்தான் கற்றேன், அப்படியே கற்றுக்கொடுத்தேன். இப்போது அதைப் பாதிப் பாடம் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பாதியில் உண்மை உண்டு. ஒரு குதிரை கூடுதலாக வைத்திருப்பவருக்கு எதிராளியின் ராணிதான் பெரிய தலைவலி. விடாமல் செக் கொடுத்தே அது தோற்ற ஆட்டத்தை டிரா ஆக்கிவிடும். இரண்டு ராணிகளும் போய்விட்டால் ராஜா அச்சமின்றி நடுப்பலகைக்கு வரலாம், கூடுதல் குதிரை தன் வேலையைக் காட்டும்.

கூடுதலாக இருப்பது ஒரு சிப்பாய் மட்டும் என்றால் கதை வேறு. என்னிடம் பயிலும் ஒரு சிறுவன் அப்படி முன்னிலையில் இருந்தான். ராணியை வெட்டினான், யானைகளையும் வெட்டினான், சிப்பாய்களையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டான். கடைசியில் மிஞ்சியது பலகையின் ஓரத்துச் சிப்பாய். எதிராளியின் ராஜா மூலைக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தள்ளிப் பார்த்தான், ஸ்டேல்மேட். அதுவே நடுவரிசைச் சிப்பாயாக இருந்து, அவன் ராஜா அதற்கு முன்னால் ஆறாவது வரிசையை எட்டியிருந்தால் வென்றிருப்பான். வெட்டியது தவறில்லை, எது மிஞ்சும் என்று பார்க்காமல் வெட்டியதுதான் தவறு.

மிஞ்சுவதைப் பார்த்து வெட்டியதற்கு 2000-இல் லண்டனில் காஸ்பரோவுக்கும் கிராம்னிக்குக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் காய்களோடு கிராம்னிக் பெர்லின் தற்காப்பை ஆடினார். எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெளியேறின. அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ராஜாவுக்கு இனி காஸ்லிங் கிடையாது, சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டித்து நின்றன, மற்ற காய்கள் எல்லாம் தீர்ந்து சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் வெள்ளைக்கே வெற்றி. ஈடாக அவர் பெற்றது இரண்டு மந்திரிகளும் உடைக்க முடியாத ஓர் அரணும். தாக்குதலில் நிகரற்ற காஸ்பரோவ் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை, 8.5–6.5 எனப் பட்டத்தை இழந்தார். காய்க்குக் காய் சமமான பரிமாற்றம்தான், ஆளுக்கு ஆள் சமமில்லை.

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சனிடம் ஆனந்த் தோற்றபோது, ராணிகளை வெட்டவிட்டதுதான் கெடுத்தது என்று நம் பக்கத்திலும் பேசினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் கார்ல்சன் 15-ஆவது நகர்த்தலில் ராணியை வெட்டினார். அதன் பிறகும் ஆனந்துக்கு டிரா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது; 45-ஆவது நகர்த்தலில் யானையால் கொடுத்த ஒரு செக்கில்தான் அது நழுவியது. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் ராணியை விடாமல் துணிந்து தாக்கினார். அதிலும் 28-ஆவது நகர்த்தலில் குதிரையைத் தவறாக வைத்துத் தோற்றார். ராணி போனால் ஆட்டம் தானாகவே அடங்கிவிடும் என்ற நினைப்புத்தான் ஆபத்து. கார்ல்சனுக்கு அங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று, குகேஷுடன் ஆடிய உலக சாம்பியன் போட்டியில், டிங் லிரெனுக்கு நேர்ந்ததும் இந்த வகைதான், வெட்டுப்பட்டது யானை என்றாலும். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் பொறுமையாகத் தாக்குப்பிடித்து வந்தவர், 55-ஆவது நகர்த்தலில் யானையைப் பரிமாற்றத்துக்கு நீட்டினார். அவருடைய மந்திரியோ மூலையில் ஒடுங்கி நின்றது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை அதற்கு எதிரே நிறுத்தினார். ஒதுங்க இடமின்றி அதுவும் வெட்டுப்பட்டது. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய பலகையில், 58-ஆவது நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பதினெட்டு வயதுப் பிள்ளை உலக சாம்பியன் ஆனார்.

இப்போதெல்லாம் “கூடுதலா இருந்தா வெட்டு” என்று நான் சொல்வதில்லை. “ரெண்டு ராணியையும் மனசுல எடுத்து வெளியில வை. அப்புறம் யாரோட ராஜா நடுவுக்குப் பக்கத்துல இருக்கு? எந்தச் சிப்பாய் துணையில்லாம நிக்குது?” என்று கேட்கிறேன். போன வாரம் அதே சிறுவன் ராணியை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். உதடு அசைய எண்ணினான்.

“வேண்டாம் சார், இன்னும் ரெண்டு நகர்த்தல் போகட்டும்.”