குறடு ஏந்திய கரம்

1990இல் மக்கள் வெளியேற்றப்பட்ட மயிலிட்டியில், 2017இல் ஒரு பகுதி நிலம் மீண்டது. மீண்டோர் கட்டிய மனைகளுக்கு ஒளி தந்தவன் மின்தொழிலாளி. அவனை வாழ்த்துகிறோம், நம் மகன் அத்தொழிலுக்குச் செல்ல விரும்புகிறோமா?

உயர்தரத்தில் தொழில்நுட்பத்துறை 2013இல் வந்தது. ஆசிரியராகிய நாமோ, புள்ளி குறைந்தவனுக்கே அதைக் காட்டுகிறோம்.

பெற்றோரின் அச்சத்தில் நியாயமுண்டு. ஓய்வூதியமற்ற நாட்கூலிக்கு மகனை அனுப்ப யார் துணிவர்? எனினும், அவ்வச்சத்தின் அடியில் கைத்தொழிலை இழிவெனக் கருதும் சாதிய மனமும் உறைகிறது.

சவரத்தொழிலாளி டொமினிக் ஜீவா எழுதி, 1960இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது அம்மனம் அதிர்ந்தது. அவ்வழியில், குறடு ஏந்திய கரத்தையும் நம் இலக்கியம் எழுதட்டும். ஆனால், புகழுரை மட்டும் போதாது; அக்கரத்துக்கு உரிய கூலியும் காப்புறுதியும் கேட்போம். அன்றுதான் பெற்றோரின் அச்சம் தீரும்.