ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பு: ஒரு திறனாய்வு

வளர்ந்துவரும் இசைக்குழு ஒன்று, முதல் தொகுப்பை வெளியிடும் முன்பே அதன் பாடல்களை இலவசமாகக் கொடுத்துவிட்டால், பிறகு யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் என்னும் இண்டி ராக் குழு இக்கேள்விக்கு எதிர்பாராத விடை தந்தது. 2006 ஜனவரி 23 அன்று வெளியான அதன் முதல் தொகுப்பு, பிரித்தானியாவில் ஒரே வாரத்தில் 3,63,735 படிகள் விற்றது. அதற்கு முன் எந்தக் குழுவின் முதல் தொகுப்பும் அங்கு அவ்வளவு வேகமாக விற்றதில்லை. இதை இணையத்தின் வெற்றி என்று கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே.

2002-இல் இக்குழு உருவானபோது உறுப்பினர்கள் பதின்வயதினர். அலெக்ஸ் டர்னர் பாடி, கிட்டார் வாசித்தார். ஜேமி குக் கிட்டாரும் மேட் ஹெல்டர்ஸ் டிரம்சும் வாசித்தனர். முதல் தொகுப்பில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஆண்டி நிக்கல்சன். மாதிரிப் பதிவுகளைக் குறுந்தகடுகளில் எழுதி நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களிடம் இலவசமாகக் கொடுத்தனர். அவற்றை இணையத்தில் பரப்பியவர்கள் ரசிகர்களே. மைஸ்பேஸ் தளத்தில் குழுவின் பெயரில் பக்கம் தொடங்கியவர்களும் அவர்களே. 2005-இல் டொமினோ என்ற சுயேச்சை நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த தனிப்பாடல், வந்த வாரமே தரவரிசையில் முதலிடம் பெற்றது.

இணையம் பாடல்களைக் கொண்டுசேர்த்தது. ஆனால் கேட்டவர்கள் ஏன் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? விடை பாடல்களின் மொழியில் இருக்கிறது. டர்னர் தம் ஊர்ப் பேச்சிலேயே, அதன் உச்சரிப்பை மறைக்காமல் பாடினார். 'மார்டி பம்' என்ற பாடலின் தலைப்பே வட்டார வழக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவரை அங்கு 'மார்டி' என்பார்கள். இரவு விடுதி வாசலில் உள்ளே விட மறுக்கும் காவலாளிகள், வாடகைக் கார்ப் பயணம், காவல்துறை வண்டி என இளைஞர்களின் வார இறுதியே தொகுப்பின் களம். 'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற பாடல், வட இங்கிலாந்தில் இருந்துகொண்டே அமெரிக்கத் தோரணை காட்டும் குழுக்களைக் கேலி செய்கிறது. அதை இக்குழுவின் கொள்கை அறிவிப்பாகவே கொள்ளலாம். தொகுப்பின் தலைப்பும் ஆலன் சில்லிட்டோ 1958-இல் எழுதிய தொழிலாளர் வாழ்க்கை நாவலிலிருந்து வந்தது.

குறைகளும் உண்டு. பெரும்பாலான பாடல்கள் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. 'ரயட் வேன்' போன்ற மெதுவான பாடல் அரிது. சொற்கள் நெருக்கியடித்து வருவதால், பிறமொழியினருக்கு முதல் முறை கேட்கும்போது பாதி புரியாது. பெண்கள் இளைஞனின் பார்வையில் மட்டுமே வருகிறார்கள். 'ஸ்டில் டேக் யூ ஹோம்' பாடலில் அப்பார்வை இளக்காரமாகவும் மாறுகிறது. கூர்ந்து கவனிப்பவன் நியாயமாகக் கவனிப்பான் என்பதில்லை.

இக்குறையை உணர்ந்ததுபோல அமைகிறது இறுதிப் பாடலான 'எ செர்ட்டன் ரொமான்ஸ்'. ஊர் இளைஞர்களின் முரட்டுத்தனத்தை ஏளனம் செய்து தொடங்கும் அப்பாடல், அவர்களுள் சிலர் தன் நண்பர்கள் என்ற நினைவு வந்ததும் தணிகிறது. கேலி செய்பவனும் அந்த ஊர்க்காரன்தானே! தொகுப்பின் மிக முதிர்ந்த இடம் இதுவே. இதை வெளியிட்டபோது டர்னருக்கு வயது 20 என்பது வியப்பளிக்கிறது.

வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், தன் தெருவை விட்டுவிட்டு, பார்த்திராத பனிமலையை வருணிக்கும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். தெருவில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர்களின் கேள்வி. முதல் படைப்புக்கு ஆயத்தமாகும் எவருக்கும் எழும் கேள்விதான் அது. அதற்கு இத்தொகுப்பின் 13 பாடல்களைக் கேட்கச் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசையும் இத்தொகுப்பே பெற்றது.