கண்ணாடிப் பெட்டியும் தர்மபூதஜ்ஞானமும்

சாந்தோம் கடற்கரைக்கு அணித்தான மயிலை, பேயாழ்வாரின் அவதாரஸ்தலம். அவ்வூரில் வாழ்ந்த சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர் வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் இணைந்து 1998இல் வெளியிட்ட ‘ஃபேண்டம்ஸ் இன் தி பிரெயின்’ என்னும் நூல், உணர்வு முழுவதும் மூளையின் தொழிலே என்னும் பக்ஷத்தைத் திறம்பட முன்வைக்கிறது. பூர்வபக்ஷத்தை அதன் வலிவு குன்றாமல் எடுத்துரைத்த பின்னரே மறுப்பது பூர்வாசார்யர்களின் முறையாதலின், இந்நூலும் அவ்வாறே ஆராயத் தக்கது.

கை துண்டிக்கப்பட்டவர் இல்லாத கையில் வலியை உணர்கிறார். கண்ணாடி பொருத்திய பெட்டியில் மற்றக் கையை இட்டு அசைக்க, அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுகிறது; சிலருக்கு வலி தணிகிறது. உடலைப் பற்றிய அறிவு மூளையைச் சார்ந்து அமைவதற்கு இது தக்க சான்று. ஸித்தாந்தத்திற்கு இதனால் ஊறு உண்டோ எனின், இல்லை. ஆத்மாவுக்குத் தர்மமான ஜ்ஞானம் இந்த்ரியங்கள் வழியே புறப்பட்டு விஷயங்களைப் பற்றுவது. கர்மத்தால் ஸங்கோசவிகாஸங்களை அடைவது. கருவி பழுதுபட்டால் அறிவு திரியும் என்பது முன்னமே ஒப்புக்கொள்ளப்பட்டதாம்.

வலிமையான வாதம் நூலின் இறுதியில் வருகிறது. நிறம் காண இயலாதவனுக்குச் சிவப்பைச் சொல்லால் உணர்த்த முடியாமை, நரம்பின் மொழியைப் பேச்சுமொழியாகப் பெயர்ப்பதில் உள்ள தடையே. இருவர் மூளைகளையும் நரம்புக் கற்றையால் நேரே இணைத்தால் அத்தடை நீங்கும் என்கிறார் ஆசிரியர். அவ்விணைப்பு கைகூடியதாகவே கொள்க. அப்போதும் இரண்டாமவனுக்குக் கிட்டுவது சிவப்பு. முதலாமவனுடைய ‘நான்’ அன்று. தர்மபூதஜ்ஞானம் தன் ஆச்ரயத்துக்கு ப்ரகாசிக்கும். ஆத்மஸ்வரூபம் தனக்குத் தானே ப்ரகாசிக்கும். கற்றை முன்னதன் விஷயத்தைக் கடத்தலாம், பின்னதைக் கடத்தாது. ஒருமித்த ‘நான்’ என்பதே மயக்கமாகலாம் என்று நூல் கூறுமிடத்தும், அம்மயக்கம் எவனுக்கு என்னும் வினா எஞ்சுகிறது. அநுபூதி ஆச்ரயமும் விஷயமும் இன்றி நில்லாது என ஸ்ரீபாஷ்யம் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் நிலைநாட்டியது அத்வைதிகளை நோக்கியதாயினும், இங்கும் பொருந்தும். விளக்கப்படுவன எவ்வளவு பெருகினும், அவ்விளக்கம் எவனுக்குத் தோன்றுகிறதோ அவன் விளக்கப்படும் பொருள்களுள் ஒன்றாகான்.

ஆயினும், விஞ்ஞானம் இன்னும் விளக்காத இடைவெளியையே ஆத்மாவுக்குச் சான்றாக வைஷ்ணவர் காட்டுவது தகாது. இடைவெளி நாளை அடைபடின் சான்றும் வீழும். ஆளவந்தார் ஆத்மஸித்தியில் உடல், இந்த்ரியம், மனம், ப்ராணன் என்பவற்றினின்று ஆத்மாவை வேறுபடுத்தியது பிறருடைய அறியாமையைக் கொண்டன்று. ‘நான் அறிகிறேன்’ என்னும் ப்ரதீதியைக் கொண்டே. அதுவும் வேறுபாட்டளவில் நிற்பது. சேஷத்வம் முதலியன சாஸ்த்ரத்தாலேயே தெளியத் தக்கவை.

முதுமையில் நினைவிழந்து, பெற்ற மக்களையும் அறியாதிருப்பவரைப் பேணும் இல்லத்தாருக்கு இது வெறும் தர்க்கம் அன்று. இவர் இன்னும் அவர்தாமோ என்று அவர்கள் கலங்குகின்றனர். அறிவின் விரிவே ஆத்மாவின் அடையாளமெனில் அக்கலக்கத்திற்கு மாற்று இல்லை. ஸ்ரீவசனபூஷணமோ ஜ்ஞானாநந்தங்களினும் அடிமையையே அந்தரங்க நிரூபகமாகக் கொள்கிறது. நல்லுணர்வுள்ளபோது தன்னை நினைத்தவன் கட்டைபோலக் கிடக்குங்கால், அவனைத் தானே நினைப்பதாக எம்பெருமான் வராஹ சரமச்லோகத்தில் அருளுகிறான். அவ்வடிமையும் அந்நினைவும் நரம்பின் நலத்தைப் பற்றி நிற்பன அல்ல.