ஆளில்லாத டீப்பி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், கிராமப்புறத்தில் நிலம் வாங்குகிறவர்கள் பலருக்கு அதன் ஓரத்தில் ஒரு டீப்பியை நிறுத்திவைக்கும் ஆசை வருகிறது. கூம்பு வடிவக் கித்தான் கூடாரம், விருந்தினர் வந்தால் தங்கலாம், மரவீடு கட்டும் செலவில் சிறு பங்கே ஆகும் என்பது கணக்கு. பிறகு எழும் குறைகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மழை ஒழுகுகிறது, துணியில் பூஞ்சை பிடிக்கிறது, தீ மூட்டினால் கண் எரிகிறது. இவை பொய்யல்ல. ஆனால் பழியைக் கூடாரத்தின் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே ஒருவர் இருந்து கவனித்துக்கொண்டே இருந்தால்தான் டீப்பி வீடாக வேலை செய்யும். பூட்டிவிட்டுப் போகிற அறையாக அதை வாங்கும்போதே கோளாறு தொடங்கிவிடுகிறது.

படங்களில் தெரிவதுபோல் அது நேரான கூம்பு அல்ல. பின்புறம் செங்குத்தாகவும் வாசல் பக்கம் நீண்ட சரிவாகவும் சற்றே சாய்ந்து நிற்கும். தரையில் முட்டை வடிவம். இந்தச் சாய்வால் புகைவாய், கழிகள் குவியும் இடத்துக்கு முன்புறமாக, கீழே எரியும் தீக்கு ஏறக்குறைய நேர்மேலே அமைகிறது. அதன் இருபுறமும் இரண்டு மடல்கள். வெளியே நிற்கும் இரு கழிகளைக் கொண்டு, காற்று திசை மாறும்போதெல்லாம் அவற்றைத் திருப்பிவைக்க வேண்டும். வாசல் வழக்கமாகக் கிழக்கு நோக்கியிருப்பதால், மேற்கிலிருந்து வீசும் சமவெளிக் காற்று செங்குத்தான முதுகில்தான் மோதும். உள்ளே, கழிகளில் கட்டித் தொங்கும் உள்திரை. வெளிக்கித்தானுக்கும் தரைக்கும் நடுவில் விட்ட இடைவெளியில் நுழையும் குளிர்காற்று, இரண்டு துணிகளுக்கும் இடையே ஏறி, புகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். படுத்திருப்பவர் மேல் அது படாது. மழையும் இதே ஏற்பாட்டில்தான் அடங்குகிறது. புகைவாய் வழியே இறங்கும் நீர் கழியின் அடிப்பக்கத்தை ஒட்டி வழிந்து, திரைக்குப் பின்னால் தரைக்குப் போய்விடும். கழியில் ஒரு கணு சீவப்படாமல் இருந்தால் போதும், அந்த இடத்தில் சொட்டும். விற்பவர்கள் பலர் உள்திரைக்குத் தனி விலை போடுவதால், செலவைக் குறைக்க நினைப்பவருக்கு முதலில் அதில்தான் கைவைக்கத் தோன்றும். அப்படிச் செய்து, அடியில் பலகைத் தளமும் போட்டு இடைவெளியை அடைத்துவிட்டால், மிஞ்சுவது புகை தங்கும் ஒரு கித்தான் பை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பூர்வகுடிகளான லகோட்டா, ஷெயான், பிளாக்ஃபூட் மக்கள் மொண்டானாவின் கடுங்குளிரை இதில்தானே கழித்தார்கள்? அலைந்து திரிபவர்களின் கூடாரம் என்கிறோமே, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில்தானே இருந்தார்கள்? உண்மைதான். ஒரே இடத்தில் நிற்பதால் மட்டும் டீப்பி கெடுவதில்லை. அவர்கள் குளிர்காலத்துக்குத் தேர்ந்தது, காட்சிக்கு அழகான மேட்டை அல்ல. காற்று எட்டாத ஆற்றுப்பள்ளத்தை, விறகும் மறைப்பும் தரும் காட்டன்வுட் தோப்பை. தீ நாள்தோறும் எரிந்தது, மடலைத் திருப்ப ஆள் இருந்தது. ஆள் என்றால் பெரும்பாலும் பெண். தோலைப் பதப்படுத்தித் தைத்ததும் கூடாரத்தை நிறுத்தியதும் பிரித்ததும் அவளே. வீட்டின் உரிமையும் அவளுக்கே இருந்தது. 1870களிலும் 1880களின் தொடக்கத்திலும் பைசன் மந்தைகள் வேட்டையாடி அழிக்கப்பட்டபின் தோலின் இடத்தைக் கித்தான் முழுமையாகப் பிடித்துக்கொண்டது. கித்தான் இலேசானது, வாங்கக் கிடைப்பது; ஆனால் வெயில் அதன் நூலை அரிக்கும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தினமும் எரியும் தீ அந்த ஈரத்தை உலர்த்தியது. மாதம் ஒருமுறை ஆள் வந்துபோகும் டீப்பியில் உலர்த்த யார் இருக்கிறார்கள்?

இடத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 அடி விட்டத்துக்குத் தரைப்பரப்பு சுமார் 250 சதுர அடி. உயரத்தை 16 அடி என்று வைத்துக்கொண்டால், ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்க ஓரத்திலிருந்து சுமார் மூன்றரை அடி உள்ளே வர வேண்டும். நிற்கக் கிடைப்பது ஏறக்குறைய 100 சதுர அடி. தரையில் உட்கார்ந்து தீயைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இது குறையே அல்ல. கட்டிலும் அலமாரியும் வேண்டுபவர்கள், செங்குத்துச் சுவரும் புகைக்குழாய் வைத்த அடுப்பும் கொண்ட மங்கோலியக் கெர் பக்கம் போவது நல்லது. தீ வேண்டாம், கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்பவருக்கு டீப்பியும் வேண்டாம், கெர்ரும் வேண்டாம். மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

வாங்குவதா, செய்வதா என்ற கேள்வியில் பேச்செல்லாம் கித்தானைச் சுற்றியே நடக்கிறது. ரெஜினால்ட், கிளாடிஸ் லாபின் தம்பதி 1957ல் வெளியிட்ட ‘தி இந்தியன் டீப்பி’ நூல், அரைவட்டத் துணியை வெட்டித் தைக்கும் முறையை எல்லோருக்கும் எட்டவைத்தது. கனமான துணி ஓடும் தையல் இயந்திரமும் விரித்துப்போட இடமும் இருந்தால் செய்துவிடலாம். இல்லாதவர் வாங்கிவிடலாம், அதில் ஒன்றும் இழப்பில்லை. உண்மையான சிக்கல் கழிகளில் இருக்கிறது. 18 அடி டீப்பிக்குக் கூரையைத் தாங்க சுமார் 15, மடல்களுக்கு 2. ஒவ்வொன்றும் இருபது அடிக்கு மேல் நீளம். தொலைவிலிருந்து வரவழைத்தால் ஏற்றுகூலி துணியின் விலையோடு போட்டிபோடும். லாட்ஜ்போல் பைன், காட்டுத்தீக்குப்பின் நெருக்கியடித்து முளைத்து, ஒளிக்காக ஒல்லியாக நேரே வளரும் மரம். அது வளரும் பகுதியில் இருப்பவர் அனுமதி வாங்கித் தானே வெட்டிச் சீவலாம். மற்றவர்களுக்கு, மலிவு என்ற முதல் வாதமே இங்கே ஆட்டம் காண்கிறது.

பூர்வகுடி அல்லாதவர் இதை நிறுத்தலாமா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. வடிவத்தைப் பயன்படுத்துவதும் ஓவியத்தைப் படியெடுப்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். பிளாக்ஃபூட் மக்களிடையே கூடாரத்தில் தீட்டும் ஓவியம் ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு. சடங்கு மூலம்தான் அது கைமாறும். அழகுக்காக அதை வரைந்துகொள்வது பிறர் சொத்தில் கைவைப்பது. வெறும் கித்தானுக்கு அந்தத் தடை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதை மறைந்துபோன மக்களின் நினைவுச்சின்னமாக விருந்தினரிடம் காட்டுவது அறியாமை. மொண்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், 1904ல் தொடங்கிய குரோ மக்களின் திருவிழா இன்றும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கிறது. குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் டீப்பி போட்டுத் தங்குகின்றன. விழா முடிந்ததும் கித்தானை மடித்துக் கழிகளை எடுத்துப் போய்விடுகின்றன.

அப்படியானால் வாரக்கடைசிக்கு மட்டும் வருகிறவர் இதை மறந்துவிட வேண்டியதுதானா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. வந்து இறங்கிய அன்று நிறுத்தி, கிளம்பும் நாளில் காயவைத்து மடித்துவைக்கத் தயாரென்றால், அவருக்கு இது கெர்ரை விடவும் பொருந்தும். பழகிய இருவருக்கு அது பெரிய வேலையல்ல. அவர் நிலத்தில் ஆண்டு முழுவதும் நிற்க வேண்டிய கட்டடம் டீப்பி அல்ல, கழிகள் வளையாமல் படுக்க ஒரு நீண்ட கொட்டகை. கித்தானுக்கு முன்பணம் கட்டுவதற்குமுன் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.