சுரண்டி எடுத்தபின் நிற்பது

ஓவியர் ஃபிராங்க் ஆவர்பாக் என்றாலே தைல வண்ணத்தின் தடிமன்தான் பேச்சு. 1950களில் தனக்காக அமர்ந்த எஸ்டெல்லா வெஸ்டை அவர் தீட்டிய தலைகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் புடைப்புச் சிற்பம் என்றே தோன்றும். பெர்லினில் பிறந்து, ஏழு வயதில் 1939இல் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அந்த இழப்புதான் இப்படி அப்பிக் கிடக்கிறது என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லண்டனிலேயே பிறந்த லியோன் கோசாஃபும் அதே காலத்தில் அதே தடிமனில்தான் தீட்டினார். செயின்ட் மார்ட்டின்ஸ், ராயல் கலைக் கல்லூரி ஆகியவற்றின் படிப்பைவிட இருவரையும் உருவாக்கியது ஓவியர் டேவிட் பாம்பெர்கின் மாலை வகுப்பு. புறக்கோட்டைத் துரத்தாமல் பொருளின் கனத்தை உணர்ந்து தீட்ட வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

அந்தப் பாடத்தை இளம் ஆவர்பாக் பாதிதான் நிறைவேற்றினார் என்பேன். ஒவ்வோர் அமர்விலும் முந்தைய வண்ணத்தின் மேலேயே தீட்டினார். மேலே ஆடை படர்ந்து உள்ளே ஈரம் தங்கும்; பரப்பில் சுருக்கம் விழும். விலை மலிவான மண் நிறங்கள் அதற்கு ஓர் இறுக்கம் தந்தன, உண்மை. ஆனால் கனம் சேரச் சேர முகம் அமிழ்ந்துபோகிறது. எத்தனை நாள் உழைத்தார் என்று தெரிகிறது. கடைசியில் எதைக் கண்டார் என்று தெரிவதில்லை.

அதே ஆண்டுகளின் கரித்துண்டு ஓவியங்களை 2024இல் லண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடம் காட்சிக்கு வைத்தது. அவற்றில் அவர் வேறு ஆள். வரைந்ததை அழித்து, மறுபடி வரைந்து, தாள் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டு மேலும் வரைந்திருக்கிறார். தாளில் அழிக்கத் துணிந்த கை, வண்ணத்தில் அந்தத் துணிவை எட்ட 1960கள் ஆயின. அதன்பின் அமர்வு முடிந்ததும் வண்ணத்தைச் சுரண்டி வழித்துவிடுவார்; அடுத்த முறை முதலிலிருந்து. மாதக்கணக்கில் இப்படிப் போய், கடைசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே அமர்வில் ஈரத்தின் மேல் ஈரமாக வந்த படம். 1957 முதல் நாற்பதாண்டுகள் அவருக்காக அமர்ந்த ஜே.ஒய்.எம்.மின், பின்னுக்குச் சாய்ந்த தலைகளைப் பாருங்கள்: தூரிகையின் ஒற்றை இழுப்பு நிறமாகவும் இருக்கிறது, திரும்பும் தாடையாகவும் இருக்கிறது. தடிமன் அங்கே குறைவு, கனம் அதிகம்.

நிலக்காட்சிகளுக்கு இந்தப் பாராட்டை அப்படியே நீட்ட முடியாது. 1954 முதல் ஒரே கேம்டன் பட்டறையில் வேலை செய்து, சுற்றியுள்ள தெருக்களையே தீட்டியவர் அவர். அந்த விசுவாசம் பெரிது. என்றாலும் பிற்காலப் படங்கள் சிலவற்றில் முறிந்து முறிந்து ஓடும் ஒரு சாய்கோடு, எதிரே மரம் இருந்தாலும் கட்டடம் இருந்தாலும் ஒன்றுபோலவே வந்து விழுகிறது. பார்வைக்கு முன்னால் பழக்கம் ஓடிவிடுகிறது. முகங்களில் இது அரிது. எதிரே அமர்ந்திருக்கும் ஆள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 1950களின் தலைகளை இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன். முதல் வரிசை ஜே.ஒய்.எம்.முக்கும் அந்தக் கரித்துண்டு முகங்களுக்கும்.