செங்கல் சுருளில் ஒரு காபி

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் ஓர் உருளைக் கட்டடம் தெரியும். லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் அது. விசித்திரமான உணவகம் தேடுபவர்களுக்கும் பர்ஸ் மெலிந்தவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் அந்நகரில் இல்லை என்பேன்.

உள்ளே படிக்கட்டு கிடையாது. தரையே நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. நடக்க நடக்க, எந்த மாடியில் இருக்கிறோம் என்ற கணக்கே மறந்துபோகும். வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றுக்கும் இருபுறம் பெஞ்சுகள். எல்லாமே கட்டடத்தோடு கட்டடமாகக் கொத்தனார் எழுப்பியவை. தரை சரிவாயிற்றே, தட்டு நழுவாதா? அங்கேதான் நுட்பம். ஒவ்வொரு மேசையும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். ஆனால் மேற்பரப்பு மட்டமாக இருக்கும். கோப்பையில் காபி ஒரு பக்கமாக ஒதுங்குவதில்லை.

சுவரில் செங்கற்களுக்கு நடுவே விட்ட இடைவெளிகள்தாம் ஜன்னல்கள். வெயில் அவற்றில் வடிகட்டப்பட்டு, சிறு சிறு கட்டங்களாக மேசையில் விழுகிறது. காற்றும் அவ்வழியே வந்துபோகிறது. வெளியே பேருந்துகளின் இரைச்சல். உள்ளே நமக்கென்று ஒரு மாடம்.

இந்த அழகு ஒவ்வொன்றும் சிக்கனத்தில் பிறந்தது என்பதே என்னைக் கவர்கிறது. ஓட்டைச் சுவருக்குக் கண்ணாடியும் சட்டமும் வேண்டாம். கட்டிவைத்த மேசைக்கு மரச்சாமான் செலவில்லை. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, கேரளத்தையே தன் ஊராக்கிக்கொண்ட பேக்கர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை இது: வீண் செலவைக் கழிப்பார், கழித்த இடத்தில் அழகு வந்து உட்காரும்.

கடையின் வரலாறும் அதற்கு இசைந்ததே. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் முன்முயற்சியில் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். கேரளத்தில் அவர்களது முதல் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது. வெள்ளைச் சீருடையும் மயில்தோகைபோல் விரிந்த தலைப்பாகையுமாகத் தோசை கொண்டுவருகிறவர், சங்கத்தில் பங்குள்ள தொழிலாளி. அந்த மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே பீட்ரூட் சேர்ந்த செக்கச்சிவந்த மசாலா. வெளிச்சுவரின் நிறத்துக்கு எட்டிய சொந்தம்!

பல ‘தீம்’ உணவகங்களில் அலங்காரத்தின் விலையும் பில்லில் ஏறிவிடுகிறது. இங்கே கட்டடமே அலங்காரம். அதற்குத் தனிக் கட்டணமில்லை. திருவனந்தபுரத்தில் ரயிலுக்கோ பேருந்துக்கோ காத்திருக்க நேர்ந்தால், கீழேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சுருளின் உச்சிவரை ஏறி, அங்கே ஒரு காபி சொல்லுங்கள்.