கிரீடம் வெறுங்கூடுதானா?

காரைக்குடியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துல திருமயம். 1948 மார்ச் வரைக்கும் அது வேற அரசு. நாங்க சிவகங்கை ஜமீன், அதாவது பிரிட்டிஷ் இந்தியா. அவங்க தொண்டைமான் சீமை. நகரத்தார் ஊர்களே ரெண்டு பக்கமும் கிடந்தன: ராயவரம் அங்கே, தேவகோட்டை இங்கே.

அந்தப் புதுக்கோட்டையைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் எழுதிய 'தி ஹாலோ கிரவுன்' (1987) படித்தேன். மானிய நிலமும் கோயில் மரியாதையும்தான் பழைய அரசதிகாரத்தின் உயிர். வெள்ளைக்காரன் அரசியலைப் பிடுங்கிக்கொண்டு சடங்கை மட்டும் விட்டுவைத்தான் என்கிறார். கள்ளர் சாதி அமைப்பை அரசாட்சியோடு சேர்த்து வாசிக்கும் பகுதிகள் அபாரம்.

ஆனா கிரீடம் 'வெறுங்கூடு' என்பதுதான் எனக்கு இடிக்குது. 1887 ஒப்பந்தத்தைப் பாருங்க. சமஸ்தானத்தில் மண்ணுப்பு காய்ச்சுவதை நிறுத்தணும். அதுக்கு ஈடாக தர்பாருக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய். பக்கத்துல மலிவா உப்பு கிடைச்சா பிரிட்டிஷ் உப்பு வரி என்னாவது? இன்னைக்கு நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமலே அதன் சந்தை விதிகளை ஏற்று, பணமும் கட்டுது. இங்கே பணம் எதிர்த்திசையில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே ஒண்ணுமில்லாத கிரீடத்துக்கு எவன் வருஷாவருஷம் 38,000 அழுவான்? விற்பதற்கு அதனிடம் ஓர் எல்லை மிச்சமிருந்தது. டர்க்ஸ் தன் வாதத்தை அரண்மனையிலும் கோயிலிலும் நின்று கட்டுகிறார். நான் எல்லைக்கு இந்தப் பக்கத்துக்காரன். எனக்கு முதலில் கண்ணில் படுவது விலை. அந்த விலையில் உப்பு காய்ச்சினவனுக்கு எவ்வளவு போச்சு என்பது தனிக் கணக்கு.